பாசி கோர்க்கக் கற்கும் மூளை

தூத்துக்குடி மாவட்டத்தில் புதூரும் அதைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களும் வானம் பார்த்த பூமி. அங்கே பெண்களின் கூலி பெரும்பாலும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில்தான் பிறக்கிறது. வெடித்த காயின் சுளையிலிருந்து பருத்தியைப் பிடுங்க வேண்டும். மிளகாய் வத்தலின் காம்பைக் கிள்ள வேண்டும். உளுந்தில் கல் பொறுக்க வேண்டும். கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களில் சட்டத்தில் குச்சி அடுக்க வேண்டும். இரண்டு விரல் நுனிகள் சொன்னபடி கேட்டால்தான் அன்றைய சம்பளம்.

அப்படிப்பட்ட ஒரு கையைப் பக்கவாதம் சாய்த்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் கால்தான் முதலில் திரும்பும். கம்பை ஊன்றி அந்தப் பெண் நடக்கத் தொடங்குவார். பிறகு தோள் அசையும், முழங்கை மடங்கும். தூக்குச்சட்டியைக் கையில் மாட்டிக்கொண்டு நாலு வீடு தள்ளிப் போய்வரக்கூட முடியும். ஆனால் தரையில் கிடக்கும் ஒரு பாசிமணியை அந்தக் கையால் எடுக்க முடியாது. கனமான சட்டியைத் தாங்குகிற கைக்குக் கனமே இல்லாத பாசி ஏன் வசப்படவில்லை? இது முதல் புதிர்.

இரண்டாவது புதிர் இன்னும் பெரியது. காட்டு வேலைக்குப் போக முடியாத அவர், வீட்டிலிருந்தபடியே பாசி கோர்க்கவோ, பட்டுநூல் வளையல் சுற்றவோ, சுடுமண் தோடு செய்யவோ கற்றுக்கொள்கிறார். நோய்க்கு முன் அவர் தொட்டறியாத வேலை அது. தொடக்கத்தில் பாசி உருண்டோடுகிறது, நூல் நழுவுகிறது. மாதங்கள் செல்லச் செல்ல விரல் இணங்கி வருகிறது. ஒருநாள் சட்டைப் பொத்தானையும் அந்தக் கையே போட்டுவிடுகிறது. இத்தனைக்கும் அவர் மூளையில் செத்துப்போன பகுதி உயிர்க்கவில்லை. ஸ்கேன் எடுத்தால் அந்தச் சேதம் அப்படியே தெரியும். அப்படியானால் இப்போது விரலை ஓட்டுவது யார்?

மூளையில் கைக்கு எவ்வளவு இடம்?

பக்கவாதம் கையில் வரும் நோயன்று, மூளையில் வருவது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது, அல்லது வெடித்துக் கசிகிறது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்திலும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006இல் வெளிவந்த ஒரு கணக்கு சொல்கிறது. கையின் எலும்பும் தசையும் நரம்பும் பழுதின்றி இருக்கின்றன. அவற்றுக்குக் கட்டளை அனுப்பும் இடம்தான் போய்விட்டது.

அந்த இடம் எங்கே இருக்கிறது என்பதை மனிதர்களிடம் விரிவாக வரைந்து காட்டியவர் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் அறுவை மருத்துவராக இருந்த வைல்டர் பென்ஃபீல்ட். வலிப்பு நோயாளிகளுக்கு மூளையில் அறுவை செய்யும்போது, பேச்சையும் கையையும் ஆளும் பகுதிகளை வெட்டிவிடக் கூடாது என்று அவர் கவலைப்பட்டார். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதனால் தலைத்தோலை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே, மூளையின் மேற்பரப்பான புறணியில் மெல்லிய மின்னோட்டத்தைப் புள்ளி புள்ளியாகத் தொட்டுப் பார்த்தார். ஓரிடத்தில் தொட்டால் கட்டைவிரல் துடித்தது, அடுத்த இடத்தில் மணிக்கட்டு, இன்னோரிடத்தில் உதடு. 1937இல் போல்ட்ரே என்பவருடன் சேர்ந்து இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

அசைவுக்குக் கட்டளையிடும் இந்தப் பட்டையை இயக்கப் புறணி என்போம். அதில் உடலின் உறுப்புகள் வரிசையாக இடம்பிடித்திருக்கின்றன. இடத்தின் அளவு உறுப்பின் பருமனைப் பொறுத்ததாக இல்லை. அது செய்யும் வேலையின் நுணுக்கத்தைப் பொறுத்திருக்கிறது. முதுகு முழுவதற்கும் கிடைத்த இடம் சிறியது. கைக்கும் முகத்துக்கும் கிடைத்தது மிகப் பெரியது.

விரல் ஏன் கடைசியில் வருகிறது?

பிடி எல்லாம் ஒரே பிடி அல்ல. 1956இல் ஜான் நேப்பியர் என்ற பிரிட்டிஷ் அறிஞர் கைப்பிடிகளை இரண்டு வகையாகப் பிரித்தார். மண்வெட்டிக் காம்பைப் பிடிப்பது பலப்பிடி. எல்லா விரல்களும் சேர்ந்து மடங்கி உள்ளங்கையோடு அழுத்தும். பாசியை எடுப்பது நுண்பிடி. கட்டைவிரல் நுனியும் ஆட்காட்டி விரல் நுனியும் சந்திக்க, மற்ற விரல்கள் விலகி நிற்க வேண்டும். ஒரு விரல் அசையும்போது அடுத்த விரல் அசையாமல் இருப்பதுதான் நுண்பிடியின் கடினமான பாதி.

இந்தப் பிரிவுக்கு நரம்பு வழியிலும் காரணம் இருக்கிறது. லாரன்ஸ், கைப்பர்ஸ் என்ற இருவர் 1968இல் வெளியிட்ட ஆய்வில், குரங்குகளின் இயக்கப் புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு நேராக இறங்கும் நரம்புக் கற்றையை மட்டும் துண்டித்தார்கள். குரங்குகள் மீண்டும் நடந்தன, ஓடின, கம்பியைப் பிடித்து ஏறின. ஆனால் சிறு குழியில் வைத்த உணவுத் துணுக்கைத் தனி விரலால் எடுக்கும் திறன் திரும்பவே இல்லை. நடப்பதற்கும் கையை மொத்தமாக மூடுவதற்கும் மூளைத்தண்டிலிருந்து வரும் பழைய நரம்பு வழிகள் உதவுகின்றன. தனித்தனி விரலை ஆட்டுவதற்குப் புறணியிலிருந்து வரும் அந்த நேர்வழியே பெரும்பாலும் துணை. பக்கவாதத்தில் அடிபடுவது பல நேரங்களில் அதுதான். தூக்குச்சட்டி வசப்பட்டு, பாசி வசப்படாததன் காரணம் இது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வாதம் வந்த கையில் விரல்கள் மடங்கி இறுகத் தொடங்கும். மடக்குவது எளிது, விரிப்பது கடினம். அதனால்தான் எடுத்த பொருளை விடுவிப்பது எடுப்பதைவிடப் பெரிய பாடாக இருக்கிறது.

பக்கத்து வயல்

இயக்கப் புறணியைக் கரிசல்காட்டு நிலங்களாக எண்ணிக்கொள்ளுங்கள். விரலுக்கு ஒரு வயல், மணிக்கட்டுக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று, இடையில் வரப்புகள். விரலுக்குரிய வயலில் ஒரு பகுதி உவர் பாய்ந்து கெட்டுப்போயிற்று. மீதிப் பகுதி நன்றாகத்தான் இருக்கிறது. விளையாதென்று மனம் தளர்ந்து அதையும் தரிசாகப் போட்டால் என்ன ஆகும்? பக்கத்து நிலத்துக்காரர் ஒவ்வொரு மழைக்கும் வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே வருவார். அதையே விடாமல் உழுது விதைத்தால் மீதி நிலம் தங்கும். தேவை பெருகும்போது பக்கத்துத் துண்டையும் குத்தகைக்கு எடுக்கலாம்.

மூளையில் இப்படி நடக்கிறது என்பது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்க ஆய்வாளர் ராண்டால்ஃப் நூடோவும் சக ஆய்வாளர்களும் 1996இல் ‘சயின்ஸ்’ இதழில் இதை வெளியிட்டார்கள். அணில் குரங்குகளின் இயக்கப் புறணியில், முடி அளவுக்கு நுண்ணிய மின்முனைகளைக் கொண்டு நூற்றுக்கணக்கான புள்ளிகளைத் தூண்டி, எந்தப் புள்ளி எந்த உறுப்பை அசைக்கிறது என்று வரைபடம் எடுத்தார்கள். பிறகு கைக்குரிய இடத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் ரத்த ஓட்டமின்றிச் சாகச் செய்தார்கள். பயிற்சி ஏதும் பெறாத குரங்குகளில், சேதத்தை ஒட்டியிருந்த நல்ல கைப்பகுதியும் சுருங்கிப்போயிருந்தது. தோளும் முழங்கையும் அங்கே புகுந்துவிட்டன. பெரிய குழியில் தொடங்கிச் சிறிய குழி வரை உணவுத் துணுக்கை எடுக்கப் பழக்கப்பட்ட குரங்குகளில் அந்த இழப்பு நிகழவில்லை. சிலவற்றில் விரலின் எல்லை, முன்பு தோளும் முழங்கையும் வைத்திருந்த இடத்துக்குள்ளும் விரிந்திருந்தது.

இரண்டாவது புதிருக்கு விடை இங்கே கிடைக்கிறது. செத்த நரம்பணு பிழைக்கவில்லை. பிழைத்திருக்கும் அக்கம்பக்கத்து அணுக்கள் புதிய இணைப்புகளைப் போட்டு விரலின் வேலையை எடுத்துச் செய்கின்றன. அனுபவத்துக்கு ஏற்பத் தன் இணைப்புகளை மாற்றிக்கொள்ளும் இந்தத் தன்மையை மூளையின் நெகிழ்திறன் என்கிறோம்.

மனிதர்களிடம் மூளையைத் திறக்காமலே இதைப் பார்க்க வழி இருக்கிறது. தலைக்கு வெளியே ஒரு கம்பிச்சுருளை வைத்து நொடிப்பொழுது காந்தப் புலத்தை எழுப்பினால், அதன் அடியில் உள்ள புறணி தூண்டப்பட்டு விரல் துடிக்கும். எந்தெந்த இடத்தில் வைத்தால் துடிக்கிறது என்று குறித்துக்கொண்டால் வரைபடம் தயார். 2000ஆம் ஆண்டில் லீப்பர்ட் என்ற ஜெர்மன் மருத்துவரும் சக ஆய்வாளர்களும், நெடுநாள் பக்கவாதத்துடன் வாழ்ந்த 13 பேருக்குத் தீவிரக் கைப்பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் இப்படி அளந்தார்கள். பயிற்சிக்குப் பின் கைத்தசைக்குரிய இடம் தெளிவாகப் பெருகியிருந்தது.

செய்ததையே செய்தால் போதுமா?

இந்த இடத்தில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். கையை அசைக்க வேண்டும் என்றதும் ஒரு ரப்பர் பந்தை வாங்கிக் கொடுத்து, நாள் முழுவதும் அமுக்கச் சொல்கிறோம். அதில் பலப்பிடிக்கு மட்டுமே வேலை. ஏற்கெனவே மடங்க முந்தும் விரல்களை இன்னும் மடக்குவதோடு நின்றுவிடுகிறது. கற்றுக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

கற்பது ஏன் முக்கியம்? நூடோவின் குழு 2000ஆம் ஆண்டில் இன்னொரு சோதனை செய்தது. இந்த முறை குரங்குகளுக்கு மூளைச் சேதம் எதுவும் இல்லை. சிறிய குழியிலிருந்து உணவை எடுக்கக் கற்ற குரங்குகளின் விரல் வரைபடம் பெருகும் என்பது முன்பே தெரிந்திருந்தது. இப்போது அகன்ற குழியை மட்டும் கொடுத்தார்கள். கையை உள்ளே விட்டு அள்ளிவிடலாம். திறமை எதுவும் தேவையில்லை. குரங்குகள் ஆயிரக்கணக்கான தடவை எடுத்துத் தின்றன. வரைபடம் அசையவே இல்லை. தெரிந்ததைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கு மூளை இடம் ஒதுக்குவதில்லை. இன்னும் கைவராத ஒன்றை எட்டிப் பிடிக்கும்போதுதான் ஒதுக்குகிறது.

தடவைகளின் எண்ணிக்கையும் முக்கியம்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் மறுவாழ்வு மையங்களில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, ஓர் அமர்வில் நோயாளியின் கை பயனுள்ள ஒரு செயலைச் சராசரியாக 32 தடவைதான் செய்கிறது என்று காட்டியது. சோதனைக் குரங்குகளோ ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தடவை செய்தன. நம் வழக்கப்படி 108 மணி கொண்ட ஒரு மாலையைக் கோர்த்து முடித்தால் 108 முறை எடுத்து, திருப்பி, துளையைப் பார்த்து, நுழைத்து, விட்டாயிற்று. சலிக்காமல் இத்தனை தடவை செய்ய வைக்கும் ஆற்றல் உடற்பயிற்சி அட்டவணைக்குக் கிடையாது. முடிவில் அணிந்துகொள்ள ஒரு பொருள் கிடைக்கும் என்பதே கையை அடுத்த மணிக்கு இழுக்கிறது.

ஆகவே நோய்க்குப் பின் நகை செய்யக் கற்பதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது. மூளை கேட்கும் மூன்றும் அதில் இருக்கின்றன: புதியதாக இருக்கிறது, படிப்படியாகக் கடினமாகிறது, எண்ணற்ற தடவை செய்ய வைக்கிறது.

நல்ல கை செய்யும் கெடுதல்

மீட்சிக்கு எதிரி ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர், குரங்குகளின் ஒரு கையிலிருந்து மூளைக்குப் போகும் உணர்வு நரம்புகளை மட்டும் வெட்டினார். அசைவு நரம்புகள் முழுதாக இருந்தும் குரங்குகள் அந்தக் கையைத் தொங்கவிட்டன. நல்ல கையைக் கட்டிப்போட்டதும், கைவிட்ட கையால் உணவை எடுக்கத் தொடங்கின. டாப் தந்த விளக்கம் இது: ஆரம்ப நாட்களில் முயன்று முயன்று தோற்றதில், முயலாமல் இருப்பதே பழக்கமாகிவிட்டது. பிறகு நரம்பு தேறியும் பழக்கம் தேறவில்லை. இதைப் பழகிப்போன முடக்கம் எனலாம். அந்தக் குரங்குகளை வைத்திருந்த விதம் 1981இல் அமெரிக்காவில் பெரும் வழக்கானது. அங்கே விலங்குச் சோதனை விதிகள் கடுமையாக அதுவும் ஒரு காரணம். அந்த விலங்குகளின் துன்பத்திலிருந்து வந்த அறிவு என்பதால் அதை வீணாக்காமல் இருக்கும் கடமை நமக்குக் கூடுகிறது.

அந்த அறிவு மனிதருக்குப் பயன்படுமா என்று ‘எக்ஸைட்’ என்னும் பெரிய ஆய்வு சோதித்தது. முடிவுகள் 2006இல் வந்தன. பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆன 222 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கையால் இரண்டு வாரம் தீவிரமாகப் பழகினார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட அவர்களின் கை கூடுதலாகத் தேறியது. ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் நிலைத்திருந்தது.

நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேரெதிர். ‘நீங்க சும்மா இருங்கம்மா, நான் செஞ்சு தாரேன்’ என்று சொல்லி, பொத்தானைப் போட்டுவிடுகிறோம், சோற்றை ஊட்டிவிடுகிறோம். பாசம்தான் அது. ஆனால் அந்தப் பாசம் ஒவ்வொரு நாளும் வரப்பைப் பக்கத்து நிலத்துக்காரருக்குச் சாதகமாக நகர்த்திவைக்கிறது. பாசி கோர்க்கும் வேலையின் நன்மை இங்கும் தெரியும். அதை ஒரு கையால் செய்ய முடியாது. ஒரு கை நூலைப் பிடித்தால் மற்றது மணியை எடுத்தே ஆக வேண்டும்.

வேலூரில் கற்ற பாடம்

நோய் தின்ற கைக்குப் புதுத் தொழில் கற்பித்த வரலாறு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல்கள் மடங்கி விறைத்த ஒருவரிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். அந்தப் பிடி வலிக்கும் அளவுக்கு வலுவாக இருந்தது. கை செத்துவிட்டது என்று எல்லாரும் எண்ணியிருக்க, முன்கைத் தசைகள் முழு வலுவோடு இருப்பதை அவர் கண்டுகொண்டார். தொழுநோய் சில நரம்புகளைக் கெடுத்து, கைக்குள் இருக்கும் சிறு தசைகளை முடக்குகிறது. முன்கையின் பெரிய தசைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

1948 முதல் அவர் செய்த அறுவைகளின் அடிப்படை இதுதான்: உயிருள்ள தசை ஒன்றின் நாணை இடம்மாற்றி, முடங்கிய தசையின் வேலைக்கு வைப்பது. எடுத்துக்காட்டாக, மோதிர விரலை மடக்கும் இரண்டு நாண்களில் ஒன்றைப் பிரித்துக் கட்டைவிரலில் தைக்கலாம். கட்டு அவிழ்த்த அன்று கட்டைவிரலை அசைக்க நினைத்தால் அது அசையாது. மோதிர விரலை மடக்க வேண்டும் என்று நினைத்தால் கட்டைவிரல் எழுந்து வரும்! நோயாளி முதலில் அப்படித்தான் பழக வேண்டும். வாரக்கணக்கில் பழகப் பழக, கட்டைவிரலை நினைத்தால் கட்டைவிரலே வரும்படி மூளை புதிய ஏற்பாட்டைக் கற்றுக்கொள்ளும். கையின் கட்டமைப்பு மாறினாலும் வளர்ந்த மனிதரின் மூளை அதைப் புரிந்துகொள்ளும் என்பதற்கு, மூளை வரைபடக் கருவிகள் வருவதற்கு முன்பே கிடைத்த கண்கூடான சான்று அது.

அறுவை முடிந்தவர்களுக்குக் கல்லூரி வளாகத்தில் ‘நவஜீவ நிலையம்’ என்ற குடியிருப்பு அமைந்தது. அங்கே தச்சு வேலை கற்று, மரப் பொம்மைகள் செய்து விற்றார்கள். சரியான கை கிடைத்தும் பிழைப்புக்கு வழி இல்லாவிட்டால் அந்தக் கை பயன்படாமல் போய்விடும் என்று பிராண்ட் உணர்ந்திருந்தார்.

அதே கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வண்டி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அறுவை என்று பிராண்ட் காட்டிய கை அறுவையைக் கற்று, சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார். பின்னர் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார்.

விரல் நுனிக்குத் தெரிய வேண்டும்

பிராண்ட் சொன்ன இன்னொரு அனுபவம் நகை வேலைக்கு நேரடியாகப் பொருந்தும். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, தொழுநோயுற்ற ஒரு சிறுவன் வந்து சாவியைச் சட்டென்று திருப்பினான். அவன் விரலிலிருந்து ரத்தம் கொட்டியது. தோலும் சதையும் கிழிந்து எலும்பு தெரிந்தது. அவனுக்கு வலிக்கவில்லை. அவன் கையில் அசாத்திய வலு எதுவும் இல்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் உணர்வுதான் இல்லை.

ஒரு கையின் உள்தோலில் சுமார் 17,000 தொடு உணர் நரம்பு முனைகள் இருக்கின்றன. விரல் நுனியில்தான் அவை மிக நெருக்கமாக உள்ளன. சுவீடனில் ஜோஹான்சன், வெஸ்ட்லிங் என்ற இருவர் 1984இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பொருளைத் தூக்கும்போது அது நழுவாமல் இருக்கத் தேவையான அழுத்தத்தைவிடச் சற்றே அதிகமாக மட்டும் நாம் அழுத்துகிறோம் என்று காட்டியது. வழுக்கும் பொருள் என்றால் உடனே கூட்டுகிறோம், சொரசொரப்பு என்றால் குறைக்கிறோம். விரல் நுனியை மரக்கச் செய்துவிட்டால் இந்தச் சமன் குலைந்துபோகிறது.

புற்றுநோய்க்கு பாக்லிடாக்சல், வின்கிரிஸ்டின் முதலிய மருந்துகள் ஏற்றிக்கொண்டவர்கள் சிலருக்கு விரல் நுனி மரத்து, திருகாணி திருகுவது பெரும்பாடாவது இதனால்தான். சர்க்கரை நோயிலும் இது வரலாம். பக்கவாதத்தில் பழுது மூளையில். இவர்களுக்குப் பழுது நரம்பின் நுனியில். மருந்தால் வந்த மரப்பு பலருக்கு மாதக்கணக்கில் மெல்லக் குறையும், சிலருக்குத் தங்கிவிடும். பாசி வேலை அந்த நரம்பைக் குணப்படுத்திவிடாது. கண்ணால் பார்த்து அழுத்தத்தை அளக்க அது பழக்கிவிடும். உணர்வு குறைந்த கைக்காரர்கள் ஊசி, சூடான பசைத் துப்பாக்கி, பற்றவைக்கும் கருவி, சுடுமண் சூளை ஆகியவற்றின் பக்கம் போகக் கூடாது. வேலை முடிந்ததும் விரல்களைக் கண்ணால் பார்த்துக் காயம் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

படிகள் எப்படி இருக்கலாம்?

தொடங்கும் முன் மருத்துவரையோ இயன்முறை சிகிச்சையாளரையோ கேட்டுக்கொள்ள வேண்டும். நோய் வந்த முதல் வாரங்களில் கையைக் கசக்குவது நல்லதன்று. 2009இல் வெளியான 52 பேர் கொண்ட ஓர் ஆய்வில், தொடக்கத்திலேயே மிகத் தீவிரமாகப் பழகியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே தேறினார்கள். மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது தானாக விரிய வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். எக்ஸைட் ஆய்விலும் அப்படிப்பட்டவர்களையே சேர்த்தார்கள்.

முதல் படியில் பெரிய மரமணியும் ஷூ லேஸும் போதும். மணி உருளாமல் இருக்கத் தட்டில் துணியை விரித்துக்கொள்ளலாம். பலவீனமான கை மணியை எடுக்கட்டும், நல்ல கை கயிற்றைப் பிடிக்கட்டும். அடுத்து வளையலில் பட்டுநூல் சுற்றலாம்; மணிக்கட்டு திரும்பும், நூலை இழுக்கும் அளவு கைக்குப் பிடிபடும். பிறகு களிமண்ணை உருட்டி, தட்டி, தோட்டுக்கு வடிவம் கொடுக்கலாம். இதற்கு வாசலில் கிடக்கும் கரிசல் மண் சரிவராது. ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும் கனிமம் அதில் மிகுதி. காட்டில் பாளம் பாளமாக வெடிப்பது தோட்டிலும் வெடிக்கும். கடையில் கிடைக்கும் பக்குவப்படுத்திய களிமண்ணே நல்லது. சுடும் வேலையை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். கடைசிப் படியில் தூண்டில் நரம்பு, பொடிப் பாசி, குறடால் கொக்கி மாட்டுதல்.

எந்தப் படியிலும் ஒரே அளவுகோல்தான். பெரும்பாலும் முடிகிறது, அவ்வப்போது தவறுகிறது என்றால் அந்தப் படி சரி. தவறவே இல்லை என்றால் பாசியின் அளவைக் குறையுங்கள். தவறிக்கொண்டே இருந்தால் கூட்டுங்கள். தோள் வலித்தாலோ விரல் இறுகினாலோ நிறுத்திவிடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் பாசி அதன் வாய்க்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்னேற்றத்தை அளக்கவும் எளிய வழி உண்டு. மருத்துவமனைகளில் ஒன்பது துளைப் பலகையில் ஒன்பது முளைகளைச் செருகி எடுக்க ஆகும் நேரத்தைக் கணக்கிடுவார்கள். நல்ல கைக்குச் சுமார் 20 நொடி ஆகும். வீட்டில் பத்துப் பாசி கோர்க்க ஆகும் நேரத்தை மாதம் ஒருமுறை குறித்துவைத்தாலே போதும். கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் அந்தத் தாளில் தெரியும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள். அவர்களுக்கு அந்தத் தாளும் ஒரு மருந்து. சோர்வு நீடித்தால் அதற்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

எல்லாக் கையும் முழுதாகத் திரும்பிவிடாது. சேதம் பெரிதாக இருந்து, புறணியிலிருந்து வரும் நேர்வழி முற்றும் அறுந்துபோயிருந்தால், எவ்வளவு பழகினாலும் நுண்பிடி வராமல் போகலாம். அது நோயாளியின் சோம்பலும் இல்லை, குற்றமும் இல்லை. முதல் மூன்று மாதங்களில் மீட்சி வேகமாக இருக்கும். அதன் பிறகு மெதுவாகும். ஆனால் கதவு சாத்தப்படுவதில்லை.

வாய் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் உடனே 108க்கு அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும். புறா ரத்தம் பூசுகிறோம் என்று காலத்தைக் கடத்தினால் அந்த நேரம் திரும்பி வராது. வீடு திரும்பிய பின், தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அதன் பிறகு, தேறிவரும் அந்தக் கைக்கு அது இன்னும் செய்தறியாத ஒரு வேலையைக் கொடுங்கள். அவர் தடுமாறும்போது பிடுங்கிச் செய்துகொடுத்துவிடாமல் பொறுத்திருங்கள். மருந்துக் கடையில் விற்காத சிகிச்சை அது. வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே அதைக் கொடுக்க முடியும்.